திரும்பும் வழி

மாலை ஆறு மணி. வரிசையாகக் கிடங்குகள் மட்டுமே உள்ள சாலை... ஈ காக்கை இல்லை. என் நண்பனுடைய பெரியப்பா, கையில் சாவியோடு தனியாகப் போகிறார். சிரிக்காதே, உன்னைத்தான். கேட்டுவிட்டு அப்புறம் சிரி.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாலையில்தான் அவரும் தங்கையும் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனி நடத்தினார்கள். விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'நீ ஓர் அறையில் இருக்கிறாய். வழி: வடக்கு' என்று திரை சொல்லும். 'வடக்கே போ' என்று நாம் தட்ட வேண்டும். புரோகிராம் அண்ணன் வேலை, எழுத்து தங்கை வேலை. திரைக்குப் புரியாததை யாராவது தட்டினால் அது ஒரு பட்டியலில் போய் விழும். மறுநாள் காலை தங்கை வந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிவைப்பாள்.

மூன்று விளையாட்டுகள் முடிந்தன, ஒன்றுகூட வெளிவரவில்லை. ஒரு மழை நாளில், தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கம்பெனியை மூடினார். அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்... எதிரே லாரி. தெரியாமல் நடந்ததா, வேண்டுமென்றே போய் விழுந்தாளா? அந்தக் கேள்வி மனிதரை அரித்துத் தின்றது. இடத்தை விடவும் மனசு வரவில்லை. பூட்டியே வைத்திருந்தார்.

பிறகு ஒரு நாள் கட்டிடத்தை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். காலி செய்யப் போனவர், அலமாரியில் அந்த மூன்று டிஸ்குகளைப் பார்த்தார். பழைய கம்ப்யூட்டர்... கர்ர்... கர்ர்... என்று உயிர் பெற்றது. இரண்டு டிஸ்குகள் பாழ். மூன்றாவது திறந்தது. அவர் தட்டினார்: 'வேணும்னேதான் போனியா?'

'புரியவில்லை. குறித்துக்கொண்டேன்' என்றது திரை.

மறுநாள் காலை 'சும்மாதான் போனேன்' என்பார். அதையே மறுபடி தட்டினார்.

'இல்லண்ணா. மழையில ரோடு தெரியல.'

வெளியே சுள்ளென்று வெயில்... அறைக்குள் நனைந்த ரெயின்கோட் வாசனை. மேஜையில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதார். அழுது முடித்து, 'இப்ப எங்கம்மா இருக்கே?' என்று தட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் பதில் இருந்தது. 'ஓர் அறை. இருட்டு. மழைச் சத்தம். வழி: இல்லை.'

வழியில்லாத அறையைத் தங்கை எழுதவே மாட்டாள். அண்ணன் மறந்து வைத்தால் சண்டைக்கு வருவாள். "உள்ளே விட்டவங்கதாண்ணா வெளியே விடணும்" என்பாள். புரோகிராமைத் திறந்து ஒரு வரி சேர்த்தார்: 'வடக்கு: நம்ம வீடு.'

'இந்த அறையில் யாரும் இல்லை' என்றது திரை.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். பெரியம்மா.

"யாரோ ஈரக் காலோட வந்திருக்காங்க. வாசல்லேருந்து உள் ரூம் வரைக்கும் தடம் இருக்கு... திரும்பிப் போன தடம் இல்லைங்க."

அந்த விளையாட்டில் போகும் வழி வேறு, திரும்பும் வழி வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். பெரியப்பா ஒன்றைத்தான் எழுதினார். டிஸ்க் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு வரி சேர்க்க ஒரு நிமிஷம் போதும். மறந்துவிட்டேன் என்கிறார்... நாலு வருஷமாக.

பெரியம்மா தினமும் அந்த ரூமைத் துடைக்கிறார்.