திருஷ்டிப் பூதத்துக்கு மச்சம் வைத்தவருக்கு

வண்ணத்தின் வள்ளலே! வளைகோட்டின் வேந்தே! மரக்காணத்து உப்புக்காற்று உரித்தெடுக்கும் சுவரிலும் ஓவியம் உதிராமல் காத்த உத்தமரே! இருபத்தொன்பது ஆண்டுகள் இப்பள்ளி ஆசிரியர் அறையில் எம்மோடு தேநீர் அருந்தி, எம்மில் ஒருவரையும் நிம்மதியாக அருந்தவிடாத ஓவிய ஆசிரியர் தட்சணாமூர்த்தி அவர்களே! வணக்கம்.

தாங்கள் ஓய்வு பெறுவதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. வருத்தத்தைவிடச் சந்தேகம் அதிகம் உண்டு.

சென்ற ஆண்டு, 2004 ஜூனில், புதுக் கட்டட வாசலில் மாட்டத் தலைமையாசிரியர் சிவஞானம் ஐயா ஒரு திருஷ்டிப் படம் கேட்டார். தாங்கள் தந்ததோ, முழ நீள நாக்கைத் தொங்கவிட்டு, முண்டக்கண்ணை உருட்டி, வருவோர் போவோரையெல்லாம் பழிப்புக் காட்டும் பூதம்! மீசை தம்முடையது என்று தலைமையாசிரியர் முறைத்தார். பல் தம்முடையது என்று உடற்கல்வி ஆசிரியர் தேசப்பன் கொதித்தார். இடக் கன்னத்து மச்சமோ, ஐயோ, தமிழாசிரியை சுலோசனாவினுடையதேதான்.

சுலோசனா தினமும் முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டே வாசலைக் கடந்தார். எந்தப் பிள்ளை சிரித்தாலும் தன்னைப் பார்த்தே சிரிப்பதாகத் தோன்றியது. பொறுக்க முடியாமல் கல்வி அலுவலருக்கு மனு எழுதினார். ஆசிரியர்கள் பதினேழு பேரும் கையெழுத்திட்டோம். அது போயிருந்தால் விசாரணை வந்திருக்கும், தங்கள் ஓய்வூதியம் அந்தரத்தில் தொங்கியிருக்கும். அனுப்புமுன், மனுவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நேரிலேயே கேட்டுவிடுவது என்று ஓவிய அறைக்குப் போனார்.

"அது யார் மூஞ்சி சார்?"

"என் மூஞ்சிதாங்க டீச்சர். அடுத்தவங்க மூஞ்சிய பூதமா போட்டா சண்டைக்கு வருவாங்க. என் மூஞ்சின்னா யார் வரப்போறாங்க?"

அலமாரியைத் திறந்து படங்களைக் காட்டினீர்கள். அத்தனையும் தாங்களே! உப்பு மூட்டை சுமக்கும் கழுதையாகத் தாங்கள், உப்புக் குவியல்மேல் குந்திய காக்கையாகத் தாங்கள், வருகைப் பதிவேட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கும் தாங்கள்.

"அப்போ அந்த மச்சம்?"

"தாடிக்குள்ள இருக்குதுங்க."

நம்புவாரா அவர்? வாய்க்கு வந்ததைச் சொல்கிறீர்கள் என்று கதவைப் படாரெனச் சாத்தினார். ஆனாலும் அஞ்சல் பெட்டி வரை போனவருக்கு, தன்னையே கழுதையாக வரைகிற மனிதர்மேல் மனுப் போடக் கை வரவில்லை. மனு கைப்பையிலேயே கிடந்தது, சந்தேகமும் கூடவே கிடந்தது.

சென்ற வாரம், ஓய்வூதியத் தாளில் ஒட்டப் படம் எடுக்க, வாயையும் கன்னத்தையும் மூடிக் கிடந்த தாடியை மழித்து மீசையைக் குறைத்துக்கொண்டு வந்தீர்கள். ஆசிரியர் அறையே எழுந்து நின்றது. அதே மீசை. அதே பல். இடக் கன்னத்தில் அதே மச்சம்!

"அடப்பாவி மனுஷா, நெசமாவே உங்களுதுதானா!" என்ற சுலோசனா, அங்கேயே அழுதுவிட்டார். இம்மடலை எழுதியவரும் அவரே.

குன்றாத நலத்துடனும் குறையாத குறும்புடனும் நூறாண்டு வாழ்க! பூதம் எங்கள் வாசலிலேயே இருக்கும். இன்று செய்தித்தாளில் சுற்றித் தாங்கள் எங்களுக்குப் பரிசளித்த படத்தில் யார் மூஞ்சியோ; அதை மட்டும், தாங்கள் ஊருக்குக் கிளியனூர்ப் பேருந்து ஏறிய பிறகே பிரிப்போம்.

இம்மடலில் எங்கள் கையொப்பங்களைக் காணோமே என்று தேட வேண்டாம். பதினேழும் இதே தாளின் மறுபக்கத்தில், கைப்பையில் கிடந்த அந்த மனுவின் அடியில் இருக்கின்றன. கண்ணாடி போட்டு, சட்டத்தை ஆணியடித்தே தந்திருக்கிறோம். எங்களை மன்னித்த பிறகு பிரித்துப் பாருங்கள்.

இங்ஙனம்,
மறுபக்கத்தார் பதினேழு பேர்
29.4.2005