ரெண்டடி உயரம், எட்டடி நீளம்

சித்தாள்: மணி அடிச்சுடுச்சு.

கொத்தனார்: அடிக்கட்டும். கலவையக் குடு.

சித்தாள்: பள்ளிக்கூடத்து இடைவேளை மணிய்யா அது.

கொத்தனார்: எனக்கும் காது இருக்கு. சட்டிய இந்தப் பக்கம் தள்ளு, இறுகுது.

சித்தாள்: நீ கொஞ்சம் நகரு. உன் முதுகு மறைக்குது... ஆங், வர்றாங்க. யப்பா, மூட்டை பிரிச்சுக் கொட்டின மாதிரில்ல வருது கூட்டம்.

கொத்தனார்: சாரத்துல நின்னுக்கிட்டு எட்டிப் பாக்காத. மூணாவது மாடி இது. நீ விழுந்து தொலைச்சா...

சித்தாள்: விழுந்தா வேற ஒருத்தியக் கட்டிக்க.

கொத்தனார்: கட்டிக்குவேன். வாய் பேசாதவளாப் பாத்து.

சித்தாள்: உன் மூஞ்சிக்கு அப்படி ஒருத்தி வருவா, போ... யோவ், நம்ம பொண்ணு வகுப்பு பச்சைக் கதவுதான?

கொத்தனார்: காலையிலேருந்து நாலு தடவ கேட்டுட்ட. பச்சைக் கதவுதான். நான்தான தள்ளிக்கிட்டுப் போய் உள்ள விட்டேன்.

சித்தாள்: அந்தக் கதவுலேருந்து எல்லாம் வந்துடுச்சு. நம்ம குண்டுமணிய மட்டும் காணோம்.

கொத்தனார்: வருவா. சக்கர நாற்காலியத் திருப்பணும், பெஞ்சு இடுக்குல உருட்டிக்கிட்டு வரணும். உன்னை மாதிரி ஓடியா வருவா?

சித்தாள்: திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

கொத்தனார்: செங்கல எடு.

சித்தாள்: கதவ யாரோ சாத்துறாங்க. யோவ், சாத்துறாங்கய்யா.

கொத்தனார்: காத்துக்குச் சாத்தியிருக்கும்.

சித்தாள்: காத்தே இல்ல. உன் சட்டை ஒட்டிக்கிட்டுக் கெடக்கு, இவரு காத்தக் கண்டுட்டாரு.

மேஸ்திரி: மேல என்னம்மா? பேச்சு சத்தம் வருது, செங்கல் சத்தம் வரல?

கொத்தனார்: வேலை நடக்குதுண்ணே.

மேஸ்திரி: நடக்குதா, படுத்திருக்கா? மத்தியானத்துக்குள்ள அந்தச் சுவரு ஜன்னல் மட்டத்துக்கு வரணும். சொல்லிட்டேன்.

கொத்தனார்: வந்துடும்ணே... கேட்டியா? குனிஞ்சு வேலையப் பாரு.

சித்தாள்: போன பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். முதல்ல கதவச் சாத்தினாங்க. அப்புறம் பூட்டிட்டே போயிட்டாங்க.

கொத்தனார்: அது வேற இடம்.

சித்தாள்: எல்லாப் பிள்ளைகளும் மைதானத்துக்குப் போயிடுச்சு, இவ உள்ள கத்திக்கிட்டுக் கெடந்தா. கேட்டா, உள்ள ஆள் இருக்குறதே தெரியலன்னாங்க. அத்தாம்பெரிய நாற்காலியில உக்காந்திருந்த பிள்ளை தெரியலயாம்.

கொத்தனார்: சரி, விடு...

சித்தாள்: பாவாடை நனைஞ்சு போச்சு, நாத்தம், மத்த பிள்ளைங்க மூக்கப் பிடிக்குதுன்னு அந்த டீச்சர் என்கிட்ட சொன்னா. நான் சிமெண்டுக் கையோட நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். நீயா நின்ன?

கொத்தனார்: நான்தான் அதுக்கப்புறம் ஒரு வருசமா இந்தப் பள்ளிக்கூட வாசல்ல நின்னேன். பெரிய டீச்சர் ஒரே பேச்சுத்தான் பேசுனாங்க. நாற்காலி ஏறுறதுக்குச் சரிவு இல்லாத பள்ளிக்கூடம், பிள்ளை விழுந்தா எங்க தலை உருளும்னு. நானே கட்டித் தர்றேன்னு சொன்னதுக்கப்புறம்தான உள்ளயே விட்டாங்க.

சித்தாள்: கட்டினியே. அதையும்தான் சைட்டு முழுக்கத் தம்பட்டம் அடிச்சியே. கம்பி கட்டுறவன்கூட என்கிட்ட வந்து கேட்டான், உங்க வீட்டுக்காரர் அணைக்கட்டா கட்டினாருன்னு.

கொத்தனார்: கலவையக் கிளறு.

சித்தாள்: என்ன, பேச்ச மாத்துற?

கொத்தனார்: ஒண்ணுமில்ல. கலவை.

சித்தாள்: பத்து நிமிசம்தான் இடைவேளை. பாதி போயிருக்கும். நான் எறங்கிப் போய்ப் பாத்துட்டு வந்துடுறேன்.

கொத்தனார்: போகாத.

சித்தாள்: பள்ளிக்கூடக் கேட்டு வரைக்கும்தான்.

கொத்தனார்: போகாதன்னா போகாத. ஒரு வாரம் பாப்போம், இடைஞ்சல் இல்லேன்னா பேரு எழுதிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. அப்பா அம்மா வந்து வந்து நின்னாத்தான் அந்தப் பிள்ளை இருக்கும்னா வீட்டுலயே வெச்சுக்கங்கன்னும் சொன்னாங்க. முதல் நாளே போய் நின்னா என்ன நெனப்பாங்க?

சித்தாள்: பூட்டியிருந்தா?

கொத்தனார்: பூட்டியிருக்க மாட்டாங்க.

சித்தாள்: உனக்கு எப்படித் தெரியும்?

கொத்தனார்: தெரியும்.

சித்தாள்: நீ வெச்ச வரிசையப் பாரு. பாம்பு போன தடம் மாதிரி கோணிக்கிட்டுப் போவுது. நூலு இல்லாமலே நேரா வெக்கிற கை உன் கை. என்னய்யா மறைக்கிற?

கொத்தனார்: அவ வர மாட்டா.

சித்தாள்: என்னது?

கொத்தனார்: வெளிய வராதன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன். சாயங்காலம் அப்பா வந்து தூக்குற வரைக்கும் உள்ளயே இருன்னு.

சித்தாள்: ஏன்?

கொத்தனார்: சரிவு தப்பு. வெளிவராந்தா ரெண்டடி உயரம். நான் எட்டடி நீளம் இழுத்தேன். எல்லா சைட்டுலயும் தள்ளுவண்டி ஏத்துறதுக்கு அப்படித்தான போடுவோம்? கை தானா அந்தக் கணக்குக்குப் போயிடுச்சு. தள்ளுவண்டியத் தள்ளுறது தடிமாடு மாதிரி ஆளு. உக்காந்திருக்கிறது மண்ணு. இது பிள்ளை, தானே உருட்டணும்னு... எனக்குத் தோணவே இல்ல.

சித்தாள்: எப்பத் தெரிஞ்சுது?

கொத்தனார்: பூச்சு இறுக ஒரு வாரம் தண்ணி ஊத்தி, சனிக்கிழமை காலி நாற்காலிய மேல வெச்சுப் பாத்தேன். கைய எடுத்தேன். போய் சுவத்துல முட்டி நின்னுச்சு. இன்னிக்குக் காலையில அவள ஏத்துறதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்கிடுச்சு.

சித்தாள்: பெரிய டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதான?

கொத்தனார்: எப்படிச் சொல்லுவேன்? கல்வி ஆபீசரு வந்தாரு, சரிவு இருக்கான்னு கேட்டாரு, மேல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு, போயிட்டாரு. அடியளந்து கூடப் பாக்கல. அந்தப் போட்டோவ வெச்சுத்தான் ஒரு வாரம் பாப்போம்னாங்க. நான் போய் தப்புன்னு சொன்னா, சரி, நல்லாக் கட்டிட்டு அடுத்த வருசம் வாங்கம்பாங்க. ஒம்பது வயசு ஆச்சு அவளுக்கு. பேரு எழுதட்டும், வர்ற ஞாயித்துக்கிழமை இடிச்சு இருபத்தஞ்சு அடிக்கு இழுத்துடலாம்னு...

சித்தாள்: ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணச் சொன்ன?

கொத்தனார்: அடக்கிக்கச் சொன்னேன்.

சித்தாள்: அவகிட்டயா? அடக்கிக்கன்னு அவகிட்டயா சொன்ன?

கொத்தனார்: ஒரு வாரம்தான் புள்ள. விழுந்து மண்டைய ஒடைச்சுக்கிட்டா எவன் பேரு எழுதுவான்? எனக்கு வேற வழி தெரியல.

சித்தாள்: என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கொத்தனார்: என்னன்னு கேப்பேன்? இருபது வருசம் கரண்டி பிடிச்சவன், சொந்தப் பிள்ளைக்கு ஒரு சரிவு கட்டத் தெரியலன்னா?

சித்தாள்: பேசாம இரு... கதவு தொறக்குது.

கொத்தனார்: யாரு?

சித்தாள்: அவதான்.

கொத்தனார்: வராதன்னு சொன்னேனே... ஏ புள்ள, வராந்தா ஓரத்துக்கு வர்றா. நான் போறேன், விடு.

சித்தாள்: நில்லு.

கொத்தனார்: கைய விடு. நான் எறங்குறதுக்குள்ள...

சித்தாள்: நீ எறங்குறதுக்குள்ள மணி அடிச்சுடும். நில்லுய்யா. பாரு.

கொத்தனார்: கூட யாரு அது? ரெட்டை சடை.

சித்தாள்: தெரியல. வகுப்புப் பிள்ளையா இருக்கும்.

கொத்தனார்: அவ என்ன பண்றா? நாற்காலியத் திருப்புறா. முதுக இந்தப் பக்கம் காட்டி... ஐயோ, கீழ பாக்க முடியாதே அவளால.

சித்தாள்: பாக்க வேண்டாம். சரிவோரக் கைப்பிடிக் குழாயப் பிடிச்சுட்டா பாரு, ரெண்டு கையாலயும்.

கொத்தனார்: அந்தப் பிள்ளை கீழ போய் நிக்குது. நாற்காலி முதுகுல தோள் குடுக்குது... இப்படித்தான நாம பாரவண்டிய எறக்குவோம்?

சித்தாள்: ம்.

கொத்தனார்: கொஞ்சம் கொஞ்சமா விடுறா. நின்னு... மறுபடி விடுறா. யாரு சொல்லிக் குடுத்தது இவளுக்கு?

சித்தாள்: நான்தான்.

கொத்தனார்: நீயா? பூட்டிட்டாங்கன்னு பதறினதெல்லாம் பின்ன எதுக்கு?

சித்தாள்: நீ சரிவு பூசி முடிச்சு, கையக் கழுவிட்டு, எப்படி இருக்குன்னு கேட்டியே, அப்பவே தெரியும் எனக்கு. நானும் பதினஞ்சு வருசமா வண்டி தள்ளுறவதான்யா. உன் மூஞ்சியப் பாத்துட்டு சொல்ல வாய் வரல. நீ தண்ணி ஊத்தப் போன ஆறு நாளும் நம்ம சாரப் பலகையச் சாய்ச்சுப் போட்டு அவள எறக்கிப் பழக்கினேன். எறங்க அவளுக்குத் தெரியும். பின்னால தோள் குடுக்க ஒரு ஆள் வேணும், வகுப்புல யாரையாவது கூப்பிடுன்னு சொல்லி அனுப்பினேன். அந்த நாப்பது பிள்ளைகள்ல ஒண்ணாவது வருமான்னுதான் தெரியாமக் கெடந்தேன்.