பார்லிச் சக்கை ஜெயித்தது

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் தொப்பி போட்ட ஒருவரும் காலேஜில் ஆராய்ச்சி செய்கிற அவர் மகளும். போனைப் பார்த்த மகள் கத்தியே விட்டாள்.

"அத்தா, பீர் சக்கை வேலை செஞ்சிடுச்சு!"

நாலைந்து பேர் திரும்பினார்கள்.

"மெதுவாம்மா. எது வேலை செஞ்சுது?"

"பீருக்காக பார்லிய ஊறவச்சு வடிச்சப்புறம் மிஞ்சுற சக்கை. மாட்டுக்குப் போடுவாங்களே, அதுலேருந்து நான் எடுத்த புரதம். இந்தத் தடவையும் வரலன்னா விட்டுடுறேன்னு அழுதேனே! லேப்ல வளர்த்த செல்கள்ல அழற்சி குறைஞ்சிருக்காம்."

"அழற்சின்னா?"

"அம்மாவுக்கு முட்டி வீங்கி வலிக்குதே, அந்த மாதிரி."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பீர்லேருந்து வந்தது நமக்கு ஹராம் இல்லையா?"

"சக்கைய எடுத்தப்புறம்தான் அத்தா சாறைப் புளிக்க விடுவாங்க. சக்கையில போதையே கிடையாது."

"அப்ப அம்மாவுக்கு ரொட்டியில போட்டுக் குடுக்கலாமா?"

"இப்ப முடியாது. மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்க்கணும். இனிமேதான் அந்த வேலையே இருக்கு!"

காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் அவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"உன் மக ஜெயிச்சுட்டா, அல்ஹம்துலில்லாஹ்! எதுலயா? வீட்டுக்கு வந்து சொல்றேன். பஸ்ல ஆளுங்க இருக்காங்க."