நல்ல கடத்தி

பூமி பொய் சொல்லாது. என் அறிக்கைகள் எல்லாமே இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கும். பூமி வாயைத் திறந்து எதுவுமே சொன்னதில்லை என்பதை இதுவரை யாரும் எனக்குச் சுட்டிக்காட்டியதில்லை.

நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், ஐயா. அதனால் முறையாகவே சொல்கிறேன்.

நிக்கல் இருக்கும் என்று நம்பி ஒரு மலையில் பணம் போட நினைப்பவர்கள் முதலில் என்னைக் கூப்பிடுவார்கள். நான் தரையில் கம்பியை விரித்து மின்சாரம் அனுப்பிப் பார்ப்பேன். அடியில் மின்சாரம் தாராளமாக ஓடும் இடத்துக்குக் கடத்தி என்று பெயர். நிக்கல் தாது நல்ல கடத்தி. பாறை வெடிப்பில் தேங்கிய உப்புத் தண்ணீரும் நல்ல கடத்தி. இரண்டையும் பிரித்தறிய ஈர்ப்பை அளக்க வேண்டும். கனமான தாதுவுக்கு மேலே பூமியின் இழுப்பு ஒரு மயிரிழை கூடும். தண்ணீருக்கு மேலே கூடாது.

இந்த மலையில் நல்ல கடத்தி கிடைத்தது. முதலீட்டாளர் கூட்டத்தில் படத்தைத் திரையில் போட்டேன். சிவப்பாக, வீங்கின கல்லீரல் மாதிரி இருந்தது. தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததால் மற்றவர்களும் எழுந்தார்கள். ஒருவர் தூக்கத்திலிருந்தே எழுந்தார். எனக்காக அதற்கு முன் யாரும் எழுந்து நின்றதில்லை.

துளை போடும் வேலையை என் மனைவியின் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தேன். குடும்பத்தில் ஒருவன் முன்னேறினால் நல்லதுதானே. என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கடத்தி கடத்தி என்று எழுதுகிறீர்களே, போலீஸ் பிடிக்காதா என்பான். மலைக்குள் ஒரு பழைய சுரங்கப்பாதை சரிவாக இறங்குகிறது. அதன் அடிமுனையில் இயந்திரத்தை நிறுத்தித் துளைத்தால் கடத்தியைச் சீக்கிரம் எட்டிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

வேலை தொடங்குவதற்கு முன் வீட்டுக்கு வந்தான். என் மனைவி அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சுரங்கத்தின் அடியில் பாறை கசிகிறது, நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது என்றான். தண்ணீர் இருக்குமென்றால் துளையின் வாயில் இரும்புக் குழாயை இறக்கி, சிமென்ட் போட்டு இறுக்கி, வால்வு பூட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு துளைக்க வேண்டும். வேலை தள்ளிப்போகும். ஏன் என்று தலைவர் கேட்பார்.

"வால்வு போடணுமா மச்சான்? நீங்க சொன்னா போட்டுடறேன்."

"ரிப்போர்ட்ல தண்ணின்னு எங்கேயாவது இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"அதுவும் சரிதான். உங்க ரிப்போர்ட்டைவிட பாறைக்கா அதிகம் தெரியும்?"

என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உப்பு என்று அவன் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் வந்தது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், தெரிந்தது. ஆனால் கைதட்டி வாங்கிய அறிக்கையைத் திரும்பப் பெற்றால் இந்தத் துறை மீதே நம்பிக்கை போய்விடும். நான் தனி மனிதனாக யோசிக்கவில்லை. வெளியே தூறலாக இருந்தது. நனையக் கூடாதென்று அவனுக்கு என் குடையைக் கொடுத்தனுப்பினேன்.

துளை கடத்தியைத் தொட்டது. நான் குறித்த ஆழத்திலேயே தொட்டது. அதை யாரும் பேசுவதில்லை. தண்ணீர் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து பாதையை நிரப்பிவிட்டது. அவனும் கூட இருந்த இருவரும் அடியில் இருக்கிறார்கள். பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். என் மனைவி தினமும் போய்ச் சுரங்க வாசலில் உட்காருகிறாள். இன்று கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கிறது என்பாள். அந்த வெடிப்பு மலை முழுக்க ஓடுகிறது, தண்ணீர் இறங்காது என்று நான் சொல்வதில்லை. அவள் மனம் நோகும்.

ஆக, மூன்று பேரையும் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். துறையின் மானத்துக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் ஈர்ப்புக் கோடு மேலே ஏறுகிறதே, அது எப்படி என்று கேட்கிறீர்கள். ஈர்ப்பை அளக்கும் கருவியை நான் மலைக்கு எடுத்துப்போகவில்லை. அளக்கப் போன அன்று ஏறும் வழியில் ஒரு நாய் இருந்தது. அதனால் காரில் உட்கார்ந்து கையால் வரைந்தேன். நாயைக் கட்டித்தான் போட்டிருந்தார்கள்.