நோன்பு மாதத்தில் நான் எழுதிய எண்கள்

இந்த மன்றத்தின் தலைமையை அழகுசெய்யும் பாண்டிருப்புக் கனகரெத்தினம் ஐயா அவர்களே! கல்முனைப் பள்ளிவாசல்களின் பெரியோர்களே! பிள்ளைகளைச் சீருடையில் கண்டு பெருமையும் பயமுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அடுத்த வாரம் அமைதிப் படையில் கடல் கடக்கும் வீரர்களே! அஸ்ஸலாமு அலைக்கும்! என் தமிழ் உறவுகளுக்கு நெஞ்சார்ந்த வணக்கம்!

வழியனுப்பு விழாவுக்கு வாழ்த்துரை கேட்டார்கள். வீரம் பேசவா? வெற்றி பேசவா? நான் பேச வந்தது புகையைப் பற்றி! பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் தம்பிமாரே, அங்கே நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

மருதமுனை ஷிப்லியும் சாய்ந்தமருது ஸஹீத் ஆகிய நானும் ஒரே அணியில் ஒரு பாலைவன நாட்டுக்குப் போனோம். அவன் சிப்பாய், நான் மருத்துவ உதவியாளன். முகாமின் பின்னால் ஒரு குழி. பிளாஸ்டிக், பற்றரி, டயர், எண்ணெய்த் துணி என்று எல்லாவற்றையும் அதில் கொட்டி எரித்தோம். வீரர்கள் சுவாசிக்கும் காற்றையும் குடிக்கும் நீரையும் பதிவதும், வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் குழாயில் ஊதவைத்து மூச்சின் வலுவை எழுதுவதும் என் கடமை. எண் இறங்கினால் மருத்துவ அதிகாரி குழியை மூடவைப்பார்.

நோன்பு வந்தது. மற்றவர்கள் பகல் சாப்பாட்டுக்குப் போகட்டும் என்று, அந்த மாதம் முழுவதும் குழியடியில் ஷிப்லியே நின்றான். "எனக்கென்ன காக்கா, நோம்புதானே. அவனுகள் சோறு தின்னட்டும்" என்றான், கூடப்பிறந்த அண்ணனிடம் சொல்வதுபோல். மனிதனா அவன்? மாணிக்கமல்லவா!

குழாயை நீட்டினேன். பின்வாங்கினான். "வாயில வெச்சா நோம்பு முறிஞ்சிரும் காக்கா. பெருநாளைக்கு மறுகா ஊதுறன்."

நோன்பு திறந்தபின் ஊதவைத்திருக்கலாமே என்கிறீர்களா, தாயே? ஓம், வைத்திருக்கலாம். நோன்பு திறந்தால் கஞ்சி, கஞ்சிக்குப் பின் தொழுகை, தொழுகைக்குப் பின் கதை. நான் சோம்பல்பட்டேன். முந்திய மாதத்து எண்ணையே நான்கு வாரமும் எழுதினேன். அதிகாரி பார்த்தார். எண் இறங்கவில்லை. குழியும் மூடப்படவில்லை!

பெருநாளுக்கு மறுநாள் ஷிப்லி ஊதினான். பழைய அளவில் பாதிகூட வரவில்லை. என் பொய் வெளிப்பட்டுவிடுமே என்று அதையும் மறைத்தேன்.

இன்று கட்டிலிலிருந்து கதவுவரை நடக்க அவனுக்கு மூச்சில்லை. நோய் பணியால் வந்ததற்குப் பதிவில் ஆதாரமில்லை என்று மருத்துவச் சபை எழுதிவிட்டது. படை மருத்துவமனையில் அவனுக்குக் கிடைக்கும் சிகிச்சை நிற்கப்போகிறது. அவன் மனைவி றஹீமா என் வாசலில் வந்து நின்று கேட்டாள்: "காக்கா, அவர் அந்தப் புகைக்குள்ள நிண்டத்த நீங்க கண்டீங்களா, இல்லையா?"

கண்டேன்! கண்ணால் கண்டேன்! கையால் மறைத்தேன்!

பகைவனின் குண்டுக்குப் பதுங்குகுழி வெட்டுகிறோமே, நாமே மூட்டிய புகைக்கு என்ன செய்தோம்? காயம்பட்டவனைத் தோளில் சுமக்கிறோமே, இருமுகிறவனை ஏன் கேலி செய்கிறோம்? புதிய அணியின் மருத்துவ உதவியாளராகப் போகும் தங்கை சுஜித்தா! காற்றை எழுதுங்கள்! நீரை எழுதுங்கள்! இரைச்சலை எழுதுங்கள்! ஊதாதவனை "ஊதவில்லை" என்றே எழுதுங்கள்! அந்த ஒரு சொல்லை நான் எழுதியிருந்தால், ஏன் என்று அதிகாரி கேட்டிருப்பார்.

நாளை மறுநாள் கொழும்பில் ஷிப்லியின் மேன்முறையீடு. என் கையெழுத்துள்ள பதிவு பொய் என்று அங்கே சொல்லப்போகிறேன்.

"உள்ளுக்குப் போட்டிருவாங்க காக்கா" என்று யாரோ சொல்கிறீர்கள். போடட்டும் தம்பி. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகிறேன். அந்த முகாமில் இருந்த பதினொரு பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். எனக்குக் கைதட்ட வேண்டாம். ஒருவன் சொன்னால் சந்தேகம், பன்னிரண்டு பேர் சொன்னால் சாட்சி!

பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு நன்றி. வணக்கம், வஸ்ஸலாம். நாளைக் காலை ஐந்தரை மணிக் கொழும்பு பஸ். ஷிப்லிக்கு மூச்சிருக்கும்போதே வந்து ஏறுங்கள்.