குரங்குக்குக் காவல்

செமோரில் வேலை கேட்டுப் போன இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஈப்போவுக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“குரங்கு வெரட்டத்தான் என்னைக் கூட்டிட்டுப் போனாங்க,” என்றார் மூத்தவர்.

“என்னக்கா சொல்றீங்க? உங்க பிறந்தநாளுக்குன்னுதானே லுமுட் போனீங்க?”

“அதுக்குத்தான். கடலோரமா குன்று மேல நடக்கலாம், சின்னப் புள்ளைங்களே நடக்கும், மேல போனா கடல் முழுசா தெரியும்னு மகன் சொன்னான். நடக்கறதுக்குன்னே காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கினேன். விடியறதுக்குள்ள எழுந்து எல்லாருக்கும் நாசி லெமாக் சோறு பொட்டலம் கட்டினேன்.”

“அப்புறம்?”

“கார் நிறுத்துற இடத்துல சாப்பாட்டை எறக்கினதும் குரங்கு வந்திருச்சி. ‘அத்தை எஸ்டேட்டுல பொறந்தவங்க, அவங்களுக்குத்தான் வெரட்டத் தெரியும்’னு மருமக சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கையில ஒரு கம்பைக் கொடுத்துட்டு மேல ஏறிட்டாங்க.”

“சாப்பாட்டை கார்ல வச்சுப் பூட்டிட்டுப் போயிருக்கலாம்லா!”

“எனக்குத் தோணுச்சு. அவங்களுக்குத் தோணலையே.”

“நீங்க வாயத் தொறந்து சொல்றதுதானே?”

“யாராவது ஒருத்தர் ‘நீங்களும் வாங்க’ன்னு கூப்பிடுவாங்கன்னு பாத்தேன்.”

மூத்தவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். குன்றின் மேல் குடும்பமே நின்று, ‘அம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று எழுதிய அட்டையைப் பிடித்திருந்தது.

“கடல் அழகா இருக்குக்கா.”

“ஆமா. நானும் இதுலதான் பாத்தேன்.”