குமிழ் இல்லாத பெட்டி சொன்ன தீர்ப்பு

மெலூர் தொலைக்காட்சி நிறுவனத்தின் நிகழ்ச்சி அதிகாரியும், இவ்விழாத் தலைவருமான மதிப்பிற்குரிய சிவசம்பு அவர்களே! ‘சாலாக் செலாத்தான் சம்பந்தி’ என்று பக்கத்து ஊர்ப் பேரிலேயே ஒரு தொடர் நாடகத்தை எழுதி, இன்று அதன் முதல் பகுதிக்காக நகம் கடித்துக் காத்திருக்கும் கனகேஸ்வரி அம்மையார் அவர்களே! பிரிக்ஃபீல்ட்ஸ் பெரியோர்களே! கிள்ளானிலிருந்து பஸ் மாறி வந்த தாய்மார்களே! சிற்றுண்டி எப்போது என்று கண்ணாலேயே கேட்கும் கதவோரக் கனவான்களே! எல்லாருக்கும் இந்த மன்றத்தின் சார்பில் என் வணக்கம்.

ஒரு புது நாடகம் எந்த அலைவரிசையில் வரவேண்டும் என்று தீர்மானிப்பது யார்? முதலாளியா? விளம்பரம் கொடுப்பவரா? வட்டமேசையா? வானத்துக் கிரகங்களா?

என்ன? பின்வரிசையில் ‘மாமியார்’ என்கிறார்கள். அது உங்கள் வீட்டில், ஐயா. நான் நிறுவனத்தைச் சொல்கிறேன்.

மெலூருக்கு அலைவரிசை இரண்டு. ஒன்று, மாலை நான்கு மணிக்கு நாடகம் போடும் கௌரவமான அலைவரிசை. இரண்டு, இரவு எட்டு மணிக்கு நாடகம் போடும் சாதாரண அலைவரிசை. சோப்பு விற்பவர் ஒன்று என்றார். பிஸ்கட் விற்பவர் இரண்டு என்றார். கூட்டம் கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. ஒவ்வொரு கூட்டத்திலும் தட்டிலிருந்த கறிபாப் தீர்ந்தது; காரியம் தீரவில்லை.

கடைசிக் கூட்டத்துக்குக் கனகேஸ்வரியையும் அழைத்தார்கள்.

“நாலு மணிக்கு யாரு சார் பார்ப்பாங்க? நான் யாருக்காக எழுதினேனோ, அவங்க எல்லாம் அப்ப பேக்டரில நிப்பாங்க.”

“ஒன்னுதான்மா கௌரவம்,” என்றார் சோப்பு விற்பவர்.

“கௌரவம் வீட்ல உக்காந்து டிவி பார்க்குமா, சார்?”

பிறகு நம் தலைவர், ஆராய்ச்சி இல்லாமல் அடி எடுத்து வைக்காத நம் தலைவர், “மக்களையே கேட்போம்” என்றார். மக்களைத் தேடிப் புறப்பட்டார். பசித்ததனால், முத்து முகம்மதுவின் சாப்பாட்டுக் கடையில் மக்களைக் கண்டார்.

மதியம் போனார், கடையே மெலூர் இரண்டைப் பார்த்தது. மாலை போனார், அதே இரண்டு. மறுநாள் போனார், செய்தியானாலும் சமையலானாலும் ஒருவரும் மாற்றச் சொல்லவில்லை. இதுவன்றோ பற்று! இதுவன்றோ பக்தி!

“பாய், இங்க எந்த அலைவரிசை பார்ப்பாங்க?”

“ரெண்டுதான், சார்.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே ரெண்டுதான் லா.”

அறிக்கை எழுதப்பட்டது. நூற்றுக்கு நூறு! நாடகம் இரண்டாம் அலைவரிசைக்குப் போனது. கனகேஸ்வரி மகிழ்ச்சியில் இந்த மன்றத்துக்கே தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அன்பர்களே, அந்தக் கடைத் தொலைக்காட்சிப் பெட்டியில் அலைவரிசை மாற்றும் குமிழ் போன வருஷமே போய்விட்டது. தன் காற்பந்து அணி தோற்ற ஆத்திரத்தில் ஒரு வாடிக்கையாளர் திருகிய திருகில், குமிழ் கையோடு வந்தது. பெட்டி இரண்டிலேயே நின்றது.

நான் முத்து முகம்மதுவிடம் கேட்டேன். “ஏன் பாய் அவருகிட்ட சொல்லல?”

“எதைப் பார்க்கிறீங்கன்னு கேட்டாரு, சொன்னேன். ஏன்னு கேக்கலையே, அண்ணே. பாவம், பிரியாணி ஆறிப் போகுதுன்னு அவசரமா எழுதிக்கிட்டு இருந்தாரு.”

தலைவர் என்னைப் பார்க்கிறார்... சிரிக்கிறார். பிழைத்தேன்!

சிரித்தது போதும், தாய்மார்களே. பார்க்க ஆளில்லை என்றால், அடுத்த மாதமே இந்த நாடகம் நான்கு மணிக்குப் போய்விடும். கனகேஸ்வரி எழுதியது யாருக்கு? தறியிலும் தையலிலும் நின்று, கால் கடுக்க வீடு திரும்பும் உங்களுக்கு! உங்கள் வீட்டுப் பெட்டியில் குமிழ் இருக்கிறது. நீங்கள் ஒன்றுக்கும் போகலாம், அணைத்துவிட்டுத் தூங்கவும் போகலாம். குமிழ் இல்லாத பெட்டி இரண்டில் நின்றது விதி. குமிழ் உள்ள நீங்கள் இரண்டுக்கு வந்தால் அது விருப்பம்! தலைவரின் கணக்குத் தப்பு. விடையைச் சரியாக்க வேண்டியவர்கள் நீங்கள்! செமினியில் திருகுங்கள்! செலாயாங்கில் திருகுங்கள்! கிள்ளான் முழுக்கத் திருகுங்கள்! ஆனால் மெதுவாகத் திருகுங்கள்.

மணி எட்டாகப் போகிறது. என் பக்கத்தில் துணி போர்த்தி நிற்பது முத்து முகம்மது அன்போடு இரவல் தந்த அதே பெட்டி. தலைவர் துணியை விலக்குவார். எந்த அலைவரிசை என்று யாரும் கேட்கமாட்டீர்கள்.

பேச விட்டதற்கு நன்றி. நிறுத்துவதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்லலாம். வணக்கம்!